உறைந்து நின்ற கணினி, திறக்காத ஹோம் பார்ட்டிஷன்: எஃப்எஸ்சிகே கேட்கும் எல்லாவற்றுக்கும் 'ஒய்' சொல்லிவிடலாமா?

கேள்வி: தொடுவானம்

வணக்கம். என் கணினியில் உபுண்டு 22.04 இயங்குகிறது. இயங்குதளம் 256 ஜிபி எஸ்எஸ்டியிலும், ஹோம் கோப்பகம் தனியாக 1 டிபி வன்வட்டில் எக்ஸ்ட்4 முறைமையிலும் இருக்கின்றன. நேற்று இரவு சில ஒலிக்கோப்புகளை ஒரு கோப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. முதலில் கோப்பு மேலாளர் மட்டும் நின்றது, பிறகு உலாவி நின்றது, கடைசியில் சுட்டியும் நகரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி இயக்கியபோது உள்நுழைவுத் திரை வராமல் 'எமர்ஜென்சி மோட்' என்ற அறிவிப்போடு கறுப்புத் திரை நின்றது. அதற்கு மேலே, எதிர்பாராத முரண்பாடு இருப்பதால் எஃப்எஸ்சிகே-வை (கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுதுபார்க்கும் கட்டளை) நீங்களே இயக்குங்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது.

பார்ப்பதற்கு மட்டும் '-என்' போடலாம் என்று எப்போதோ படித்த நினைவில், ஹோம் இருக்கும் எஸ்டிபி1 பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) மீது அதை '-என்' சேர்த்து இயக்கினேன். ஐநோட் (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) எண்களைச் சொல்லி 'அழிக்கவா?', 'இணைக்கவா?', 'சரிசெய்யவா?' என்று திரை திரையாகக் கேள்விகள் ஓடின. '-என்' போட்டிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் அதுவே 'இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டு போனது. எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் முந்நூறுக்குக் குறையாது.

அந்த வட்டில் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த நேர்காணல் ஒலிப்பதிவுகளும், அவற்றின் எழுத்துப்படிகளும், குறிப்புகளை வைத்திருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்றும் இருக்கின்றன. கடைசியாகக் காப்புநகல் எடுத்து ஒன்பது வாரங்கள் ஆகின்றன, அதைப் பற்றி என்னைத் திட்டவேண்டிய அளவுக்கு நானே திட்டிக்கொண்டுவிட்டேன். என் கேள்வி ஒன்றுதான்: '-ஒய்' போட்டு எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிடலாமா, அல்லது அதற்கு முன்பு செய்யவேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

மறுமொழி: விரைவுவழி

தாராளமாக '-ஒய்' போடுங்கள். மின்சாரம் போனபோதெல்லாம் நான் அதைத்தான் செய்திருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் கணினி எழுந்துவிடும். ஐநோட் ஐநோட்டாக உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்க யாராலும் முடியாது, சொன்னாலும் எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்வது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

மறுமொழி: இரண்டாம்பிரதி

தயவுசெய்து அந்த வட்டில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். விரைவுவழி அவர்கள் சொல்வது பெரும்பாலான நேரங்களில் சரியாக வந்துவிடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகள் வெறும் மின்வெட்டின் அறிகுறிகள் அல்ல என்பதால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

எக்ஸ்ட்4 ஜர்னல் வைத்திருக்கும் முறைமை. கோப்பகங்கள், ஐநோட்கள், எந்த பிளாக் (வட்டில் இடம் ஒதுக்கும் அலகு) யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு ஆகியவற்றில் செய்யப்போகும் மாற்றங்களை அது முதலில் ஜர்னலில் எழுதி, இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை முத்திரையிட்டு, அதற்குப் பிறகே உரிய இடத்தில் எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அடுத்தமுறை ஏற்றும்போது (பயன்பாட்டுக்குத் திறக்கும்போது) முத்திரை விழுந்த மாற்றங்கள் மட்டும் மறுபடி நிகழ்த்தப்படும், முத்திரை விழாதவை நடக்காதவையாகிவிடும். இந்த ஏற்பாடு 2001-இல் லினக்ஸ் 2.4.15 கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எக்ஸ்ட்3 வடிவில் வந்ததே, ஒவ்வொரு முறை கணினி விழும்போதும் வட்டு முழுவதையும் மணிக்கணக்கில் துழாவும் எக்ஸ்ட்2 காலத்து வேதனையை ஒழிப்பதற்காகத்தான். ஆகவே பொத்தானை அழுத்தி அணைத்த ஒரு செயலால் மட்டும், ஆரோக்கியமான வட்டில் இருக்கும் எக்ஸ்ட்4, கையால் எஃப்எஸ்சிகே இயக்கச் சொல்லும் நிலைக்கு வருவது அரிது.

அந்த முந்நூறு கேள்விகளைக் கண்டு முழுவதும் மிரளவும் வேண்டாம். '-என்' போட்டு இயக்கும்போது வட்டில் எதுவும் எழுதக்கூடாது என்பதால் ஜர்னல் நிகழ்த்தப்படுவதில்லை. அதை அறிவிக்கும் எச்சரிக்கை வரி பட்டியலின் உச்சியில் ஓடி மறைந்திருக்கும். ஜர்னலில் விடை தயாராக இருக்கும் முரண்பாடுகளையும் சேர்த்தே அது எண்ணிக் காட்டியிருக்கிறது.

நான் கேட்பது இதைத்தான்: கணினி உறைந்ததால் கோப்பு முறைமை கெட்டதா, அல்லது வட்டு கெட்டுக்கொண்டிருந்ததால் கணினி உறைந்ததா? முதலில் கோப்பு மேலாளர், பிறகு உலாவி, பிறகு எல்லாம் என்று ஒவ்வொன்றாக நின்றதாகச் சொல்கிறீர்கள். படிக்க முடியாத ஒரு செக்டரை (வட்டின் மிகச் சிறிய துண்டு) வன்வட்டு திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டிருக்க, அந்த வட்டைத் தொட்ட செயலிகள் ஒவ்வொன்றாக வரிசையில் காத்து நிற்கும்போது கணினி இப்படித்தான் உறையும். அப்படியானால், '-ஒய்' போடுவது இடிந்துகொண்டிருக்கும் சுவரின் மீது நின்று சுண்ணாம்பு அடிப்பதற்கு ஒப்பாகும். எஃப்எஸ்சிகே-வின் வேலை உங்கள் ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றுவது அன்று, கணக்கு நேராவதுதான் அதன் வேலை. ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடினால் அது ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடும். இரண்டில் ஒன்றின் வயிற்றில் மற்றதன் உள்ளடக்கம் இருப்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. படிக்க முடியாத ஐநோட்டை 'அழிக்கவா' என்று கேட்டு நீங்கள் 'ஆம்' என்றால், ஒருவேளை நான்காவது முயற்சியில் படிக்கக்கூடியதாக இருந்திருக்கும் ஐநோட்டும் போய்விடும்.

எதையும் எழுதாத மூன்று பார்வைகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒன்று, 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'. இது முந்தைய இயக்கத்தின் கெர்னல் செய்திகளைக் காட்டும் (இந்த ஜர்னல் வேறு, கோப்பு முறைமையின் ஜர்னல் வேறு, பெயர் வைத்தவர்களை நொந்துகொள்வோம்). உங்கள் இயங்குதளம் எஸ்எஸ்டியில் இருப்பதால் அந்தப் பதிவுகள் பிழைத்திருக்கும். நடுவில் பலமுறை இயக்கியிருந்தால் -1 என்பது -2, -3 என்று மாறும். இரண்டு, 'டம்ப்இ2எஃப்எஸ் -எச்'. எக்ஸ்ட்4 தன் சூப்பர்பிளாக்கில் (முறைமையின் தலைமைப் பதிவு) முதல் பிழை நேர்ந்த நேரத்தையும், அதைக் கண்டுபிடித்த கெர்னல் செயற்கூற்றின் பெயரையும், மொத்தப் பிழை எண்ணிக்கையையும் குறித்து வைத்திருக்கும். எஃப்எஸ்சிகே பழுதுபார்த்து முடித்ததும் இந்தக் குறிப்பு துடைக்கப்பட்டுவிடும் என்பதால் இதை முதலில் பார்ப்பது முக்கியம். மூன்று, 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ'. வட்டு தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை இது காட்டும். அதில் 5, 197, 198, 199 ஆகிய எண்ணுள்ள வரிகளின் மதிப்பைச் சொல்லுங்கள்.

தொடுவானம்

பார்த்தேன், வயிறு கலங்குகிறது. டம்ப்இ2எஃப்எஸ் காட்டும் முதல் பிழையின் நேரம் கணினி உறைவதற்கு மூன்று நாள் முந்தையது. செயற்கூற்றின் பெயர் 'எக்ஸ்ட்4_ஃபைண்ட்_என்ட்ரி', பிழை எண்ணிக்கை 41. கெர்னல் பதிவில் எஸ்டிபி என்ற பெயரோடு ஐ/ஓ எரர் (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வரிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மூன்று நாளாக இவ்வளவு நடந்தும் எனக்கு ஒரு அறிவிப்புகூட வரவில்லையே! ஸ்மார்ட் மதிப்புகள்: 5-க்கு 16, 197-க்கு 24, 198-க்கு 24, 199-க்கு 0. எனக்குப் புரியாதது என்னவென்றால், அதே அறிக்கையின் தொடக்கத்தில் வட்டின் ஒட்டுமொத்த ஆரோக்கியம் 'பாஸ்ட்' என்று எழுதியிருக்கிறது.

மறுமொழி: இரண்டாம்பிரதி

அந்த 'பாஸ்ட்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். தயாரிப்பாளர் நிர்ணயித்த எல்லையை எந்த மதிப்பும் தாண்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். 197 என்பது படிக்க முடியாமல், மாற்று இடமும் இன்னும் கொடுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. உங்களுடையது 24. 5 என்பது ஏற்கெனவே மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்டவை. 199 சுழியமாக இருப்பதால் கேபிள் மீது சந்தேகம் இல்லை. ஆக, பழுது வட்டின் பரப்பிலேயே இருக்கிறது.

அறிவிப்பு வராததற்குக் காரணம், பிழை கண்டால் என்ன செய்வது என்ற அமைப்பு எக்ஸ்ட்4-இல் இயல்பாகத் 'தொடர்க' என்று இருப்பதுதான். உபுண்டு தன் ரூட் பார்ட்டிஷனுக்கு (இயங்குதளம் இருக்கும் பிரிவு) மட்டும் 'படிக்க மட்டும் என்று மாறு' என்று எழுதி வைக்கிறது. நீங்களாகச் சேர்த்த இரண்டாவது வட்டுக்கு அந்தக் காவல் இல்லை, ஆகவே அது பிழையைக் குறித்துக்கொண்டு எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

இனி எஃப்எஸ்சிகே-வை மறந்துவிடுங்கள். வட்டு உயிரோடு இருக்கும்போதே அதன் முழுப் படிமத்தை (வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே எடுத்த நகல்) வேறொரு வட்டுக்கு எடுத்துவிட்டு, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் அந்தப் படிமத்தின் மீது செய்யவேண்டும். வட்டிலிருந்து 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்டால் மட்டும் இதையும் செய்யாமல், உடனே அணைத்துவிட்டுத் தரவுமீட்பு ஆய்வகத்தை நாடுங்கள்.

மறுமொழி: படிமக்காரன்

படிமம் எடுக்கும் பகுதியை நான் சொல்கிறேன், அன்றாடம் செய்கிற வேலை.

கருவி குனூ டிடிரெஸ்கியூ. உபுண்டுவில் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்கியூ, கட்டளையின் பெயர் டிடிரெஸ்கியூ. நடுவில் அடிக்கோடு போட்ட டிடி_ரெஸ்கியூ என்பது வேறொருவர் எழுதிய வேறு கருவி. சாதாரண டிடி கட்டளை முதல் பழுதில் நின்றுவிடும். நிற்காதே என்று சொல்லி ஓட்டினாலும், பழுதான இடத்தில் முட்டி மோதிக்கொண்டு, நல்ல இடங்களைப் படிப்பதற்குள் வட்டைச் சாகடித்துவிடக்கூடும். டிடிரெஸ்கியூ பழுதைக் கண்டதும் தாண்டிக் குதித்து முதலில் எளிதில் வருவதையெல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகே கடினமான இடங்களுக்குத் திரும்பிவரும். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும் என்பதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லைவ் யுஎஸ்பியில் (கணினியில் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே இயங்கும் உபுண்டு) இயக்குங்கள். ஆனால் அந்த வரைபடக் கோப்பை லைவ் யுஎஸ்பியின் ஹோம் கோப்பகத்தில் வைக்காதீர்கள், அது நினைவகத்தில் மட்டுமே இருப்பது, கணினி மறுபடி உறைந்தால் வரைபடமும் போய்விடும். படிமம் போகும் வட்டிலேயே அதையும் வையுங்கள். அந்த வட்டு ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது, ஏனெனில் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ட்4, எக்ஸ்ஃபேட் இரண்டில் எதுவும் சரி. பழைய வட்டைக் கோப்பு மேலாளரில் சொடுக்கிவிடாதீர்கள், சொடுக்கினால் அது ஏற்றப்பட்டு ஜர்னல் நிகழ்த்தப்பட்டுவிடும்.

முதல் சுற்றை '-என்' போட்டு ஓட்டுங்கள் (இங்கே '-என்' என்பதற்குப் பழுதான ஓரங்களைச் சுரண்டாதே என்று பொருள், எஃப்எஸ்சிகே-வின் '-என்' அல்ல). இரண்டாம் சுற்றுக்கு '-டி -ஆர்3', அதாவது இடைத்தேக்ககத்தைத் தவிர்த்து நேரடியாக, மும்முறை முயற்சி. கட்டளையில் மூலம் முதலில், படிமம் அடுத்து, வரைபடம் கடைசியில். மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டு வாழ்க்கையை வெறுத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். லைவ் யுஎஸ்பியில் எஸ்டிபி என்ற பெயர் வேறு வட்டுக்குப் போயிருக்கலாம் என்பதால், 'எல்எஸ்பிஎல்கே' காட்டும் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் வட்டின் மேலுள்ள ஒட்டுத்தாளோடு ஒப்பிட்ட பிறகே என்ட்டரைத் தட்டுங்கள். வட்டு நல்லபடியாக விநாடிக்கு 100 எம்பி கொடுத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். உங்கள் வட்டு அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும்.

தொடுவானம்

பதினோரு மணி நேரம் ஆயிற்று. முதல் மூன்றரை மணி நேரத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் வந்துவிட்டது, மீதி நேரம் முழுவதும் கடைசித் துணுக்குகளுக்கே போயிற்று. இறுதியில் படிக்க முடியாமல் நின்றது 45,056 பைட்டுகள். 197-இன் மதிப்பு 24-இலிருந்து 88 ஆகிவிட்டது. அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். இனி படிமத்தின் மீது எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

மறுமொழி: இரண்டாம்பிரதி

கணக்கு அழகாகப் பொருந்துகிறது: 88 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட்டு, ஆக 45,056. எக்ஸ்ட்4-இன் 4,096 பைட்டு பிளாக்குகளாகச் சொன்னால் மொத்தம் 11. 1 டிபியில் 11 பிளாக் தானே என்று தோன்றும். ஆனால் சேதத்தின் அளவை முடிவு செய்வது எத்தனை பிளாக் என்பது அன்று, எந்த பிளாக் என்பதே. ஒலிக்கோப்பின் நடுவில் ஒரு பிளாக் போனால் காதுக்குத் தெரியாத ஒரு சொடுக்கு. ஐநோட் அட்டவணையில் ஒரு பிளாக் போனால், ஐநோட் ஒன்றுக்கு 256 பைட்டு வீதம், 16 கோப்புகள் ஒரேயடியாகப் போகும். கோப்பகத்தின் பிளாக் போனால் கோப்புகள் இருக்கும், பெயர்கள் போகும்.

ஓட்டலாம், ஆனால் படிமம் மாறாமல் இருக்கட்டும். இடம் இருந்தால் இன்னொரு நகல் எடுத்து அதன் மீது ஓட்டுங்கள். இடம் இல்லையென்றால் இ2எஃப்எஸ்சிகே-வுக்கு (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) '-இசட்' என்று சொல்லி ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். தான் மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய உள்ளடக்கத்தையும் அது அந்தக் கோப்பில் சேர்த்துவைக்கும், பிடிக்கவில்லையென்றால் இ2அன்டூ கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். படிமம் முழு வட்டினுடையது என்பதால் 'லோசெட்டப் -பி' போட்டு உள்ளிருக்கும் பார்ட்டிஷனைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். கட்டளைகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றின் கையேட்டுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தப் 'பி' பெரிய எழுத்து.

இப்போது '-ஒய்' போடலாம். விரைவுவழி அவர்களின் அறிவுரை இந்த இடத்தில்தான் சரியாகப் பொருந்துகிறது. தவறினால் திரும்பிவர வழி இருக்கும்போது எல்லாவற்றுக்கும் 'ஆம்' சொல்வதில் குற்றமில்லை.

மறுமொழி: விரைவுவழி

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சேர்க்கை: சூப்பர்பிளாக்கே படிக்க முடியவில்லை என்று வந்தால் பதற வேண்டாம், அதன் நகல்கள் வட்டின் பல இடங்களில் இருக்கின்றன. 4,096 பைட்டு பிளாக் என்றால் முதல் நகல் 32768-ஆவது பிளாக்கில், அடுத்தது 98304-இல். '-பி 32768' என்று இ2எஃப்எஸ்சிகே-வுக்குச் சொன்னால் அதிலிருந்து தொடங்கும். நகல்களின் இடங்களைக் காண எம்கேஇ2எஃப்எஸ் கட்டளையை '-என்' போட்டு இயக்கச் சொல்வார்கள். அந்த '-என்' மறந்தால் பார்ட்டிஷனையே புதிதாக வடிவமைத்துவிடும் என்பதால், அதையும் படிமத்தின் மீது மட்டும் செய்யுங்கள்.

மறுமொழி: நீலத்திரை

இடையே ஒரு கேள்வி. இதே நிலை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை உள்ள வட்டில் வந்தால் அதன் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க் ஓட்டுவதும் தவறா?

மறுமொழி: படிமக்காரன்

பழுதான வட்டில் தவறுதான். '/எஃப்' கணக்கை மட்டும் நேராக்கும். '/ஆர்' அதோடு வட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும், செத்துக்கொண்டிருக்கும் வட்டுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அங்கும் முதலில் படிமம், பிறகு படிமத்தின் மீது பழுதுபார்ப்பு. பெயரிழந்த துண்டுகள் 'ஃபவுண்ட்.000' என்ற மறைவான கோப்பகத்தில் சிஹெச்கே கோப்புகளாகக் கிடக்கும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைத் தவறுகளைச் சரிசெய்துவிட்டு, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கும்படி குறி வைக்கும், அவ்வளவே. அதைச் செக்டிஸ்குக்கு மாற்றாக எண்ணவேண்டாம்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு: எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் எதுவுமே செய்யாமல் வெற்றி என்று சொல்லித் திரும்பும். உண்மையான கருவி எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர். அதன் '-எல்' ஜர்னலையே துடைத்தெறியும், கடைசி வழி. பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு முறைமையில் 'செக் --ரிப்பேர்' என்பதைத் தெரிந்தவர் சொல்லாமல் தொடவே கூடாது.

தொடுவானம்

ஓட்டினேன். முதலில் ஜர்னலை நிகழ்த்துவதாகச் சொன்னது, பிறகு கேள்விகள். நீங்கள் சொன்னது உண்மை, முந்நூறு இல்லை, 38 மட்டுமே. படிமம் ஏறிவிட்டது. கோப்பகங்களைத் திறந்து பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது என்று எழுதினால் மிகையில்லை.

இப்போதைய நிலை இது. பெயரிழந்தவற்றை எஃப்எஸ்சிகே சேர்த்துவைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்பகத்தில் #2621457 என்பது போன்ற பெயர்களோடு 23 உருப்படிகள் இருக்கின்றன. அவற்றில் இதே #2621457 ஒரு கோப்பகம், அதற்குள் ஒரு மாதத்து ஒலிப்பதிவுகள் அனைத்தும் தத்தம் பெயர்களோடு அப்படியே இருந்தன. மற்றவற்றை 'ஃபைல்' கட்டளை கொண்டு வகை பார்த்தேன், பெரும்பாலும் எழுத்துப்படிகள், முதல் வரியிலேயே நேர்காணலின் தேதியை எழுதும் பழக்கம் இருந்ததால் பெயரிடுவது எளிதாயிற்று.

தீராதவை மூன்று. ஒரே வாரத்தின் ஒலிப்பதிவுகள் 16 காணவில்லை. கணினி உறைந்த நேரத்தில் சேமித்துக்கொண்டிருந்த நான்கு எழுத்துப்படிகள் சுழியம் பைட்டாக இருக்கின்றன. தரவுத்தளம் திறக்கிறது, 'இன்டெக்ரிட்டி_செக்' சரி என்கிறது, ஆனால் கடைசி இரண்டு நாள் குறிப்புகள் அதில் இல்லை.

மறுமொழி: இரண்டாம்பிரதி

பதினாறு என்ற எண்ணிக்கையே விடை சொல்லிவிடுகிறது: ஐநோட் அட்டவணையின் ஒரு பிளாக் படிக்க முடியாத பதினொன்றில் ஒன்று. உறுதி செய்ய வேண்டுமானால், வரைபடக் கோப்பில் உள்ள பைட்டு இடத்திலிருந்து பார்ட்டிஷனின் தொடக்கத்தைக் கழித்து (2048-ஆவது செக்டரில் தொடங்கினால் 1,048,576), 4,096-ஆல் வகுத்தால் பிளாக் எண் வரும். டிபக்எஃப்எஸ்-க்குள் (எக்ஸ்ட்4-இன் உட்பகுதியைப் பார்க்கும் கருவி) 'ஐசெக்' அந்த எண்ணுக்குரிய ஐநோட்டையும், 'என்செக்' அந்த ஐநோட்டுக்குரிய கோப்பின் பெயரையும் சொல்லும். ஐநோட் கிடைக்காத பிளாக் வெற்றிடமாகவோ அட்டவணையாகவோ இருக்கும், டம்ப்இ2எஃப்எஸ் காட்டும் குழு எல்லைகளோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். அந்த 16-இல் காப்புநகலில் உள்ளவற்றை அங்கிருந்து எடுங்கள். மீதிக்கு, மாறாத முதல் படிமத்தின் மீது ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். அது பெயரையும் கோப்பகத்தையும் பொருட்படுத்தாமல் கோப்பின் தலைப்பு பைட்டுகளைத் தேடிப் பிடிக்கும், டபிள்யூஏவி வடிவத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். பெயர் வராது, கால அளவைப் பார்த்து இனம் காணவேண்டியதுதான்.

சுழியம் பைட்டுக் கோப்புகளைப் பற்றி உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. எக்ஸ்ட்4 எழுத வேண்டிய தரவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வட்டில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடும். வேகத்துக்குக் காரணமும் அதுவே, இந்தச் சுழியங்களுக்குக் காரணமும் அதுவே. 2009-இல் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்து, கோப்பை மறுபெயரிட்டு மாற்றும்போது தரவை உடனே எழுதும் ஏற்பாடு 2.6.30 கெர்னலில் வந்தது. ஆனாலும் செயலி முறையாக எஃப்சிங்க் (தரவை உடனே வட்டில் எழுதச் சொல்லும் ஆணை) அழைக்காவிட்டால் உத்தரவாதம் இல்லை. நினைவகத்திலேயே இருந்து அணைந்த தரவு வட்டில் எங்கும் இராது, எந்தக் கருவியும் அதைக் கொண்டுவராது. எழுதுசெயலியின் தானியங்கு சேமிப்புக் கோப்புகள் வேறு கோப்பகத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் தேடுங்கள்.

மறுமொழி: படிமக்காரன்

தரவுத்தளம் பற்றி: படிமத்திலிருந்து '.டிபி' கோப்பை மட்டும் எடுத்து வந்தீர்களா? அதன் பக்கத்தில் அதே பெயரோடு '-வால்' என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். பெயருக்கேற்ற வால்தான், ஆனால் உயிர் அதில் இருக்கிறது. எஸ்க்யூலைட் அந்த முறையில் இயங்கும்போது புதிய மாற்றங்கள் முதலில் வாலில் சேர்ந்து, இயல்பாக 1,000 பக்கங்கள் ஆனபிறகே மூலக்கோப்புக்குப் போகும். இரண்டையும் ஒரே கோப்பகத்தில் வைத்துத் திறங்கள். திறப்பதற்கு முன் இரண்டையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடுவானம்

வால் இருந்தது! சேர்த்து வைத்துத் திறந்ததும் கணினி உறைவதற்குச் சில நிமிடங்கள் முன்பு எழுதிய குறிப்புவரை வந்துவிட்டது. வேண்டாத இடைக்காலக் கோப்பு என்று எண்ணி நான்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பதினாறில் பதின்மூன்று காப்புநகலில் இருந்தன. மூன்றை ஃபோட்டோரெக் கொண்டுவந்தது. ஐசெக், என்செக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், இரண்டு பிளாக்குகள் இரண்டு ஒலிப்பதிவுகளின் நடுவில் விழுந்திருக்கின்றன. என் பதிவுகள் ஒற்றைத் தடம், 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 88,200 பைட்டு. ஒரு பிளாக்குக்கு 46 மில்லிவிநாடி மௌனம். ஒன்றில் அது யாரோ மூச்சு விடும் இடத்தில் விழுந்து தெரியாமலே போயிற்று, மற்றதில் ஒரு சொல்லின் நடுவெழுத்து மட்டும் கேட்கவில்லை, எழுத்துப்படி இருப்பதால் கவலையில்லை. சுழியமான நான்கு எழுத்துப்படிகளில் ஒன்றுக்குத் தானியங்கு சேமிப்பு கிடைத்தது, மற்ற மூன்றை ஒலியைக் கேட்டு மீண்டும் எழுதவேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய வட்டை முழுவதும் சுழியம் எழுதினால் 197 குறையும் என்று படித்தேன். அதற்குப் பிறகு பயன்படுத்தலாமா?

மறுமொழி: இரண்டாம்பிரதி

குறையும். எழுதும்போது வட்டு அந்த செக்டர்களைச் சோதித்து, தேறினால் வைத்துக்கொள்ளும், தேறாவிட்டால் மாற்று இடம் கொடுத்து 5-இன் கணக்கில் சேர்க்கும். ஆனால் ஒரே நாளில் 24-இலிருந்து 88-க்குப் போன வட்டில் எதை வைப்பீர்கள்? மூன்று எழுத்துப்படிகளையும் எழுதி முடிக்கும்வரை அதை அப்படியே எடுத்து வையுங்கள், பிறகு விருப்பம்போல் செய்யுங்கள்.

புதிய வட்டில் 'டியூன்2எஃப்எஸ் -இ ரீமவுண்ட்-ஆர்ஓ' என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். முதல் பிழையிலேயே அது எழுத மறுத்து உங்கள் வேலையை நிறுத்தும், எரிச்சலாக இருக்கும், ஆனால் மூன்று நாள் முன்னதாகத் தெரிந்துவிடும்.